அளவெடுக்க வந்தவளும் மூலையில் வந்தவளும்

எங்கள் பக்கத்தில் ஒருவன் டேப்பை இழுத்து நீட்டினால் யாருக்கோ ஏதோ போகப்போகிறது என்று அர்த்தம். சாலையை அகலப்படுத்த அளந்தார்கள், ஒரு வரிசை வீடு போனது. கடல் அரிக்கிறது என்று அளந்தார்கள், லாரி லாரியாகக் கருங்கல் வந்து இறங்கியது, படகு ஏற்றி வைக்க இருந்த மணல் போனது. அதனால் திருவொற்றியூர் கடலோரம் எங்கள் குப்பத்து வலைக்கூடத்தில் ஒரு பெண் அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினேன்.

வலைக்கூடம் என்பது மீனவர்கள் நிழலில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்ய அரசாங்கம் கட்டிக்கொடுத்த கொட்டகை. சிமெண்ட் தூண்கள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, நாலு பக்கமும் திறப்பு. அதை யாரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு உலகத்தில் அந்த ஒரு இடம்தான் இருந்தது.

நான் சாவு வீட்டில் கானா பாடுகிறவன். எண்ணூரில் கண்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை, அது சோற்றுக்கு. பாட்டு எனக்கு. டோலக் வாசிப்பது என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று எங்கே யார் இறந்தாலும் கூப்பிடுவார்கள். இறந்தவரைப் பற்றி நாலு விஷயம் கேட்டுக்கொண்டு, அதையெல்லாம் பாட்டில் கோத்து, இருக்கிறவர்களை அழவைக்க வேண்டும். அதற்குப் பழக வேண்டும். வீட்டில் பழக முடியாது. உயிரோடு இருப்பவர்கள் வீட்டில் சாவுப் பாட்டு பாடினால் ஆகாது என்பார்கள். ஒருமுறை மறந்துபோய் வீட்டில் கொஞ்சம் குரல் எடுத்துவிட்டேன், பக்கத்துத் தெருவிலிருந்து மாலையோடு ஒரு ஆள் வந்துவிட்டார். அதற்குப் பிறகு வலைக்கூடம்தான். மத்தியானத்தில், கடலுக்குப் போய் வந்தவர்கள் தூங்கும் நேரத்தில், அங்கே எங்களைக் கேட்க ஆள் கிடையாது.

நான் போனபோது அந்தப் பெண் கையில் ஒரு சின்ன மெஷினைப் பிடித்திருந்தாள். அதிலிருந்து சிவப்புப் புள்ளி ஒன்று தூணில் போய் விழுந்தது.

"இன்னாம்மா அளக்கற?" என்றேன்.

"சும்மாதாண்ணா. உயரம் எவ்வளவு இருக்குன்னு பார்க்கறேன்."

"சும்மா பாக்கறதுக்கு மிசின் எதுக்கு? கண்ணு இல்ல?"

சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நம்பியிருப்பேன். கட்டட வடிவமைப்பு படித்தவளாம், அடையாறு பக்கம் வீடாம். ஒரு அறக்கட்டளை இந்த இடத்தைக் கலைக்கூடமாக மாற்றப் பணம் கொடுக்கிறதாம். வலை பின்னுகிறவர்கள் பின்னலாம், பிள்ளைகள் படம் வரையலாம், ஆடலாம், நாடகம் போடலாம். "எதையும் இடிக்க மாட்டோம்ணா. கூரையை மாத்திட்டு, கூட கொஞ்சம் கட்டுவோம், அவ்வளவுதான்." இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் மணலையும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டார்கள்.

கலைக்கூடம் என்ற பேரிலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒருமுறை நகரத்தின் தெற்கே ஒரு அரங்கத்தில் பாடக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே ஏசி குளிர் முகத்தில் அடித்தது. சுவரெல்லாம் மெத்தை மாதிரி எதையோ ஒட்டியிருந்தார்கள், பாடப் பாடக் குரலை அந்தச் சுவர் குடித்துவிட்டது. எதிரே இருட்டு. அந்த இருட்டில் யார் அழுகிறார்கள், யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று தெரியவில்லை. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சாவுப் பாட்டுக்குக் கைதட்டு! 

அடுத்த வாரம் அவள் குப்பத்து ஆட்களை உட்காரவைத்து, இந்த இடத்தை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டாள். யாரும் எங்களை இப்படிக் கேட்டதே இல்லை. கேட்பது எதற்கு என்று எல்லோருக்கும் உடனே உள்ளே மணி அடித்தது.

"வலை பின்னுவோம்," என்றான் மச்சான்.

"அப்புறம்?"

"அப்பாலிக்கா... வலை பின்னுவோம்."

"பாடறவங்க, வாசிக்கறவங்க யாராவது இருக்காங்களா இங்க?"

"அப்டி யாரும் இந்தாண்ட கெடியாதும்மா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். அவன் பொய் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். ஏற்கெனவே ஒருத்தன் கேமராவோடு வந்து, ஒரு சாவு வீட்டில் நாங்கள் பாடியதைப் படம் பிடித்துக்கொண்டு போய், சிரிப்பு சத்தமெல்லாம் சேர்த்து போனில் பரப்பிவிட்டான். புருஷனைப் பறிகொடுத்தவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து ஊரே சிரித்தது. அந்த அம்மா இன்றைக்கும் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவள் பையிலும் ஒரு கேமரா இருந்தது.

அவள் போனதும் மச்சான் சொன்னான், "இவ இடிக்கப் போறா மாமு. இன்னா வேணா பீலா வுடட்டும்."

இடிக்கிறவனைத் தடுக்க எங்களிடம் இருக்கும் வழி ஒன்றே ஒன்று. கோர்ட்டு, மனு எல்லாம் அதற்கப்புறம். கடலோரம் கொட்டிக் கிடந்த கருங்கல்லில் ஒன்றை, ஒரு ஆள் அணைத்துத் தூக்கும் அளவு, மச்சான் பார்த்து எடுத்தான். பட்டப்பகலில், ஊர் தூங்கும்போது, வலைக்கூடத்தின் வடக்கு மூலையில் நட்டான். மஞ்சள் பூசினான், குங்குமம் வைத்தான், தூணில் வேப்பிலை கட்டினான். இனி எந்த அதிகாரி கை வைப்பான்? எனக்கு அந்தக் கல்லின் மேலும் நம்பிக்கை இல்லை, கடல் அரிப்புக்கென்று லாரியில் வந்து கொட்டிய கல் அது. ஆனாலும் சும்மா இருந்தேன்.

முதலில் கல்லுக்கு விளக்கு வைத்தது என் மாமியார், மச்சானைப் பெற்றவர். கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அவர் வாய்க்கு மார்க்கெட்டே பயப்படும். ஒரு வெள்ளிக்கிழமை கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினார். மறுவாரம் நாலு பெண்கள் வந்தார்கள். எஞ்சின் கெட்டு நடுக்கடலில் நின்ற ஒரு படகு பத்திரமாகத் திரும்பியது, அந்த வீட்டார் சேலை சாத்தினார்கள். அப்புறம் பேரும் வந்துவிட்டது, வலைக்கூடத்தம்மன். மச்சான் இதையெல்லாம் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டான்.

அந்தப் பெண் திரும்ப வந்தபோது, தூரத்திலேயே பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

"இது எப்பலேந்து இருக்கு?"

"எங்க பாட்டன் காலத்துலேந்து கீதும்மா," என்றான் மச்சான்.

"போன தடவை நான் பார்க்கலையே?"

"அவ எல்லாருக்கும் காட்சி குடுக்க மாட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தேன். கல்லைச் சுற்றிக் கொத்திய சிமெண்ட் தரையின் வாய் இன்னும் புதிதாக வெளுத்துக் கிடந்தது. கட்டடம் படித்தவளுக்கு அது தெரியாதா? அவள் குனிந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெஷினை எடுத்து, கல்லிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து தூணுக்கு என்று மறுபடி முதலிலிருந்து அளந்தாள். இவள் நம்மை நம்பினாளா, நம்பியதுபோல் நடிக்கிறாளா என்று எனக்கு அன்று பிடிபடவில்லை.

இடிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். தூண்கள் அப்படியே நின்றன. வேலை நடந்த காலமெல்லாம் நான் ஷிஃப்ட் முடிந்து நேராக அங்கே போய், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்லைக் கூடுதலாகப் பெயர்த்தால்கூடச் சத்தம் போடத் தயாராக இருந்தேன், ஒருவரும் பெயர்க்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் போய், மரச்சட்டத்தின் மேல் ஓடு வந்தது. கூரையை நடுவில் உயர்த்தியிருந்தாள். சாலைப் பக்கம் மட்டும் ஓட்டை வைத்த செங்கல் சுவர், அதில் லாரி சத்தமும் நிலக்கரித் தூசியும் பாதி நின்றுவிடும், காற்று மட்டும் வரும். கடல் பக்கம் முழுக்கத் திறப்பு. வலை கட்டி இழுக்கத் தூண்களில் கொக்கி, பெண்கள் காலை மடக்கி உட்காரும் உயரத்தில் திண்டு. வடக்கு மூலையில் அம்மனுக்கு ஒரு மேடை, மேலே ஓட்டில் ஒரு கண்ணாடி. மாலை வெயில் அதன் வழியே வந்து அந்தக் கருங்கல்லின் மேல் விழும். மொத்தக் கட்டடமும் அந்தக் கல்லைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

திறப்பதற்கு முன்பே ஒருநாள், ஆள் இல்லாத நேரம், நடுவில் நின்று ஒரே ஒரு வரி பாடினேன். குரல் மேலே போனது, ஓட்டில் தங்கி, நிதானமாகத் திரும்பி இறங்கியது. என் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். உடனே பயமும் வந்தது, இவ்வளவு நல்லதை நமக்கு எதற்குக் கொடுக்கிறார்கள் என்று.

திறப்பு விழா ஆயிற்று, பிள்ளைகள் ஆடினார்கள், கார்கள் வந்து போயின. மறுநாள் மத்தியானம் மச்சானும் நானும் டோலக்கோடு போய் உட்கார்ந்தோம். முதல் தட்டு தட்டியதும் மாமியார் வந்து நின்றார், கையில் விளக்குத் திரி.

"இன்னா மருமவனே இது?"

"பயகுறோம் அத்தே."

"சாமிக்கு எதுர்லயா சாவுப் பாட்டு? எயுந்திரு. ரெண்டு பேரும் எயுந்திருங்க."

"யம்மா, சாமியா?" மச்சான் குரலைத் தாழ்த்தினான். "அது நான் நட்ட கல்லு. கடலாண்டலேந்து நான்தான் தூக்கினு வந்தேன்."

"தெரியும்டா. நீ தூக்கினு வந்தத நான் பாத்துக்கினுதான் இருந்தேன்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "கல்ல நட்டது நீ. வந்தது அவதானே?"

  டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தோம். படி இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னார், "எங்கியாவது போயி ஒயுங்கா பயகிக்குங்க. நான் செத்தா நீங்கதான் பாடணும். வேற எவனாவது பாடுனா நான் எயுந்து வந்துருவேன்."

எனக்குக் கோபம் முழுக்க அந்த அளவெடுத்தவள் மேல்தான் திரும்பியது. அடுத்த முறை அவள் கட்டடத்தைப் பார்க்க வந்தபோது, வழியை மறித்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் யார், என்ன பாடுகிறேன், எங்கே பழகினேன், எல்லாவற்றையும். கலைக்கூடம் என்று கட்டி, இருந்த கலைஞனை வெளியே தள்ளிவிட்டாய் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"யாரும் பாடறதில்லைன்னு சொன்னீங்களேண்ணா," என்றாள். பிறகு வடக்கு மூலையைக் காட்டினாள். "முதல் பிளான்ல அங்க ஒரு ரூம் போட்டிருந்தேன். சத்தம் வெளிய போகாத மாதிரி, கதவோட. யாராவது பாட்டு பழகறதா இருந்தா இருக்கட்டும்னு. அம்மனைப் பார்த்ததும் எடுத்துட்டேன்."

அது உண்மையா, என் வாயை அடைக்க அந்த நேரத்தில் சொன்னதா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். உண்மையாக இருக்கக் கூடாது என்றுதான் ஆசைப்படுகிறேன். உண்மை என்றால் எனக்குத் தாங்காது.

இப்போது நாங்கள் கடலோரக் கருங்கல் குவியலில் பழகுகிறோம். மத்தியானத்தில் கல் சுடும் என்பதால் பொழுது சாயப் போகிறோம். உட்காரும் முன் கல்லை ஒருமுறை பார்த்துக்கொள்வேன், யாராவது மஞ்சள் கிஞ்சள் வைத்திருக்கிறார்களா என்று. அலை ஒவ்வொரு வரியின் கடைசியையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது, கத்திப் பாட வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் மாமியார் விளக்கு வைத்துவிட்டு நேராக இங்கேதான் வருகிறார். கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து, தனக்கென்று நான் கட்டிவரும் பாட்டைக் கேட்கிறார். கல்மண்டபம், கூடை, வாய்ச்சண்டை, எல்லாம் அதில் வருகிறது. அவருக்கு வரவர மூச்சு வாங்குகிறது, ஏறி இறங்க மச்சான் கையைப் பிடித்துக்கொள்கிறார். போன வெள்ளி முழுதாகப் பாடி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பாட்டு நல்லா கீது மருமவனே," என்றார். "ஆனா அயுகை வரலியே."

அந்தக் கூரைக்குக் கீழே பாடினால் வரும். அதை அவரிடம் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து பாடினேன்.