மாறுகண்ணில் விழுந்த கைக்கோடரி

எனக்கு மாறுகண். பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் நான் தே தாரிக் தேநீர் கேட்டால், பக்கத்து மேசைக்காரர் திரும்பி, "என்னையா கூப்பிட்டீங்க அண்ணே?" என்பார். என் கல்யாணப் புகைப்படத்தில் நான் பார்ப்பது மனைவியைத்தான். படமோ, நான் பந்தியைப் பார்ப்பதாகச் சாட்சி சொல்கிறது.

இப்பேர்ப்பட்ட கண்களைத்தான் என் தங்கை மகள் தன் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் கேட்டாள். கற்காலக் கருவிகளின் படங்களைத் திரையில் காட்டுவார்களாம். பார்ப்பவரின் கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று ஒரு சின்னக் கேமரா பதிந்துகொள்ளுமாம்.

"நல்ல ஆளாத்தான் புடிச்ச போ" என்றேன். ஆனாலும் கிள்ளானிலிருந்து காலை ரயிலில் கிளம்பிவிட்டேன். நான் எங்கே பார்க்கிறேன் என்று ஒரு எந்திரமாவது சரியாகச் சொல்லட்டுமே என்ற ஆசைதான்.

மோவாயைத் தாங்கியில் வைத்து, திரையில் நகரும் புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். கேமராவுக்கு என் பார்வை பிடிபடவில்லை. திரும்பவும் செய்தாள். அப்போதும் இல்லை.

"அசையாதீங்க லா மாமா. எந்தக் கண்ணால பாக்குறீங்க?"

"வலது கண்ணு வேலைக்கு. இடது கண்ணு வேடிக்கைக்கு."

சிரித்தாள். பிறகு, "இந்த வாட்டியும் வரலைன்னா உங்களச் சேர்க்க முடியாது மாமா" என்றாள். பள்ளித் திடலில் பந்து விளையாட ஆள் பிரிக்கும்போது கடைசியாக நிற்பவனின் பயம் எனக்கு, ஐம்பது வயதில்.

இடது கண்ணை மறைத்துவிட்டு, கேமராவை வலது கண்ணோடு மட்டும் பொருத்தினாள். புள்ளி பச்சையானது; என் பார்வை பிடிபட்டுவிட்டது.

முதலில் வந்த கற்கள் எங்கள் வீட்டு வாய்க்கால் ஓரம் கிடப்பவை மாதிரிதான் இருந்தன. இதற்கா ஒரு பல்கலைக்கழகம் என்று நினைத்தேன். பிறகு, பேராக் மாநிலத்தில் கிடைத்த ஒரு கைக்கோடரி வந்தது. காம்பு கிடையாது, உள்ளங்கையில் அடக்கிப் பிடிக்கும் கல், நீர்த்துளி வடிவம். நான் ஒன்றும் செய்யவில்லை, கண் தானாகப் போயிற்று. கூர்முனையில் தொடங்கி, விளிம்பு வழியே இறங்கி, சில்லுகள் பெயர்ந்த தழும்புகளைக் கடந்து, அடியில் உருண்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை.

முடிந்ததும் என் பார்வை போன வழியைத் திரையில் காட்டினாள். விளிம்பில் ஒரு சிவப்புக் கீற்று, அடியில் ஒரு சிவப்புத் திட்டு. அதன்மேல், எனக்கு முன் சோதனைக்கு வந்த மற்றவர்களுடையதை வைத்தாள். சிவப்பின் மேலேயே சிவப்பு விழுந்தது.

"பாருங்க மாமா, எல்லாரும் பார்த்த இடத்தத்தான் நீங்களும் பார்த்திருக்கீங்க."

"ஏன், அவங்களுக்கும் மாறுகண்ணா?"

கேட்டுவிட்டேனே தவிர, எனக்கே சிரிப்பு வரவில்லை. இதைச் செதுக்கிய யாரோ ஒருவர், கடைசிச் சில்லைத் தட்டி எடுக்குமுன் இந்த இடத்தைத்தான் உற்றுப் பார்த்திருப்பார். இத்தனை ஆயிரம் ஆண்டுகள் கழித்து, அவர் கண் போன தடத்திலேயே நாங்கள் எல்லாரும் போயிருக்கிறோம். நானும்கூட.

"கைக்கு என்னாச்சு மாமா?"

குனிந்து பார்த்தேன். தொடைமேல் கிடந்த என் வலது கை, ஒரு கல் அடங்கும் அளவுக்குக் குவிந்திருந்தது. விரிக்க மனம் வராமல் அப்படியே வைத்திருந்தேன்.