அறுந்த செருப்பும் விழாக் குழுவினரும்

கீழப்பழுவூர்ப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கும் அந்தப் பெண், பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் தேறவில்லை. கணக்கில் தேறியிருந்தார், ஆங்கிலத்தில்கூடத் தேறியிருந்தார். தமிழும் முடிந்தால் பணியாளர் வேலைக்கு உயரலாம். அதற்குப் பிறகு முட்டை உரிப்பது வேறொருவர் பாடு, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவது இவர் பாடு. அதற்காகத்தான் தனித்தேர்வு எழுத வந்திருந்தார்.

தனித்தேர்வு எழுதுவோருக்கான வகுப்பு அரியலூர் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடந்தது. ஞாயிறுதோறும் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்வேன். நாளிதழில் வெகுகாலம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவன் என்பதால் கட்டுரையும் கடிதமும் என் பொறுப்பு.

அவர் எழுதிய முதல் கட்டுரை ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியமாக இருந்தது. கதவைத் திறந்து, கூட்டி, அடுப்பு மூட்டி, முட்டையை வேகவைத்து, அழுத பிள்ளையைத் தூக்கி, அதன் அம்மாவுக்குப் போன் செய்து என்று போய், தாள் முடிந்ததால் நின்றிருந்தது. பின்வரிசையில் உட்காரும் லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

“கணக்குல பாஸாயி தமிழ்ல கோட்ட விட்ட ஒரே ஆளு நீங்கதான்க்கா. பிரேக்கே புடிக்கல பாருங்க.”

“நீ மட்டும் புடிச்சியாக்கும். மூணாவது தடவ எழுதற,” என்றார் அவர், திரும்பாமல்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கரும்பலகையில் சில வாக்கிய அச்சுகளை எழுதிப் போட்டேன். யார், எதை, என்ன செய்தார். எங்கே, எப்போது, என்ன நடந்தது. இன்னது நடந்தது, அதனால் இன்னது ஆனது. ஒவ்வோர் அச்சிலும் அவரவர் வாழ்க்கையிலிருந்து சொல்லை எடுத்து நிரப்ப வேண்டும். ஒரு செய்திக்கு ஒரு வாக்கியம், பிறகு முற்றுப்புள்ளி. பயிற்சிக்கு, பஸ் நிலையத்தில் வாங்கிய நாளிதழ்களையே கொடுத்தேன்.

நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு நன்றாக என்பது சில வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஓட்டுநர் விடுப்பு விண்ணப்பம் எழுதிக் காட்டினார். ‘எனக்கு நேற்று திடீரெனக் காய்ச்சல் ஏற்பட்டது. இதனால் வீட்டில் சிறிது நேரம் பரபரப்பு நிலவியது.’ வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

அந்தப் பெண் எழுதியது ஊர்த் திருவிழா பற்றித் தோழிக்கு ஒரு கடிதம். தேரோட்டம் விமரிசையாக நடைபெற்றது, திரளான பக்தர்கள் கலந்துகொண்டனர், அன்னதானம் வழங்கப்பட்டது. கையெழுத்துக்கு முந்தைய வரி: ‘விழாவுக்கான ஏற்பாடுகளை விழாக் குழுவினர் செய்திருந்தனர்.’ தோழியை நலமா என்றுகூட விசாரிக்கவில்லை.

தேருக்கு நீங்கள் போனீர்களா என்று கேட்டேன். போனாராம். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், நெரிசலில் வலது செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்தபடியே சாமி கும்பிட்டிருக்கிறார். செருப்புக் கையை உயர்த்தியதைப் பார்த்து மாமியார் எல்லோர் முன்னாலும் திட்டினாராம். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

“இத எழுதுங்க,” என்றேன்.

“செருப்புக்கெல்லாம் மார்க் போடுவாங்களா சார்?”

“ஒங்க தோழிக்குத்தான எழுதறீங்க. அவங்க கேக்கப் போறது இதத்தான்.”

சற்று யோசித்தார். “அப்பறம் ஏன் சார் பேப்பர்ல இத போடறதில்ல?”

இடம் இருக்காது என்றேன். வேலையில் இருந்த காலத்தில் நிருபர்களிடம் சொன்ன பதில் அது. அன்றைக்குக் கரும்பலகையில் இன்னோர் அச்சைச் சேர்த்தேன்: நான் எதைப் பார்த்தேன், எனக்கு என்ன ஆனது. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறையாவது இது வர வேண்டும். தேர்வு வரைக்கும் அந்தப் பயிற்சிதான் நடந்தது. ஆனால் விழாக் குழுவினர் லேசில் போகவில்லை. பள்ளிச் சுற்றுலாக் கட்டுரையிலும் வந்தார்கள், மழைக்காலக் கட்டுரையிலும் வந்தார்கள்.

தமிழ்த் தேர்வன்று மையத்துக்கு வெளியே நின்றேன். ஓட்டுநர் முதலில் வந்தார். அவர் பின்னால், நிழலில் வைத்த சாப்பாட்டுப் பையைத் தேடிக்கொண்டே அந்தப் பெண் வந்தார்.

“தோழிக்கு வரல சார். பரிசு குடுத்த மாமாவுக்கு நன்றி சொல்லி எழுதச் சொல்லிட்டாங்க.”

“என்ன பரிசுன்னு எழுதுனீங்க?”

“செருப்பு. பழசு தேர்ல அறுந்துபோச்சு, நீங்க அனுப்புனது அளவா இருக்குன்னு எழுதிட்டேன்.”

ஓட்டுநர் விடவில்லை. “விழாக் குழுவப் போட்டீங்களாக்கா?”

“கை தானா போயிருச்சுடா. பாதியில அடிச்சுட்டேன்.”

முடிவு வெளியான அன்று காலையிலிருந்து போனைக் கையில் வைத்திருந்தேன். மதியத்துக்கு மேல் அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. ஜெராக்ஸ் கடைக்குப் போனது, கரண்ட் இல்லாதது, கடைப் பையன் தன் போனிலேயே பார்த்துத் தருகிறேன் என்றது, பதிவெண்ணைத் தப்பாக அடித்ததில் யாரோ ஒரு பிள்ளையின் மார்க் வந்தது, அதைப் பார்த்துத் தான் அழுதது, பிறகு சரியாக அடித்தது, அதற்குள் பழுவூர் பஸ் கிளம்பிவிட்டது, ஓடிப்போய் ஏறியது, ஏறிய பிறகுதான் எனக்குச் சொல்லவில்லையே என்று நினைவு வந்தது. மூச்சு விடாமல் ஒரே வாக்கியம். நாளிதழாக இருந்தால் முதல் வரியில் இருந்திருக்க வேண்டிய செய்தி எங்கேயும் வரவில்லை. பின்னணியில் நடத்துனர் டிக்கெட் கேட்டார். சில்லறை கொடுக்கும் சத்தம் கேட்டது.

“பாஸு சார்,” என்றார் அதற்குப் பிறகு.