ஏசி லைனில் மரப்பூ வாசம்

சந்தனமாரியும் தங்கச்சி சுகப்பிரியாவும் திருநெல்வேலிப் பக்கத்து மலை எஸ்டேட்டிலிருந்து சென்னைப் பக்கத்து மண்ணூருக்கு 2009-ல் வேலைக்கு வந்தபோது, கூடவே ஒரு மரக்கிளைத் துண்டும் வந்தது. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு செடி. படித்தவர்கள் ஆர்க்கிட் என்பார்கள், எஸ்டேட்டில் மரப்பூ. அதற்கு மண் வேண்டாம், பனியும் குளிரும் போதும். வெள்ளையாய்ப் பூத்துவிட்டால் எஸ்டேட் வீடெல்லாம் மணக்கும். மண்ணூர் வெயிலில் பூக்குமா? யார் சொல்லி சுகப்பிரியா கேட்டாள்! ஜன்னலில் கட்டி, ஈரத்துணி சுற்றி, கைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா சின்னப்பொண்ணுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "இன்னாம்மா, புல்லுருவியப் போயி வூட்ல வெச்சிகினு கீறீங்க? குடும்பம் வெளங்குமா?" அட, புல்லுருவி மரத்தை உறிஞ்சும், இது பாவம், சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அவளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அக்கா தங்கச்சிக்கு செல்போன் கம்பெனியில் வரிசையாய் உட்கார்ந்து போன் பூட்டும் ஒரே லைன். ஏசி ஹால். பூ, பவுடர் எதுவும் கூடாது, தலைக்குக் குல்லா. ஒருநாள் பக்கத்து ஸீட்டிலிருந்து சுகப்பிரியா, "குளிருதுக்கா" என்றாள். சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலையில பொறந்தவளுக்கு ஏசி குளிருதாக்கும்! சோலியப் பாருட்டி." லைனே சிரித்தது. அது காய்ச்சல் குளிர். ஷிப்ட் முடியும்வரை அந்தப் பிள்ளை அப்புறம் வாயே திறக்கவில்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். பாவி, நெற்றியைத் தொட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"அதான் அவ உசுரக் குடிச்சிடுச்சு" என்று அழுதுகொண்டே சின்னப்பொண்ணு செடியைப் பிய்த்துக் குப்பையில் போட்டாள். குடித்தது செடி இல்லை என்று சந்தனமாரிக்குத் தெரியும்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே வாசம் வந்தது. மரப்பூ வாசம், பக்கத்து ஸீட்டிலிருந்து. ரூமில் வராது, பஸ்ஸில் வராது. அந்தக் குளிரில் உட்கார்ந்தால்தான் வரும். முதல் வாரம் பயத்தில் அந்தப் பக்கம் திரும்பாமலே வேலை பார்த்தாள். அப்புறம் அதற்காகவே ஓவர்டைம் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள்.

ஒருநாள் சூப்பர்வைசர் சசிகலா அவள் பின்னால் வந்து நின்றாள். "இன்னா, பூ வெச்சிகினு வந்துட்டியா? ரூல்ஸ் தெரியாது உனக்கு?" குல்லாவைக் கழற்றிப் பார்த்தாள். வெறும் எண்ணெய்த் தலை. பக்கத்துக் காலி ஸீட்டைப் பார்த்ததும் சசிகலாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ இங்க இருக்க வாணாம்மா. நாளைலேர்ந்து பேக்கிங்குக்குப் போயிடு. ஏசி இல்லன்னாலும் நாலு பேரு பேச்சுத் துணைக்கு இருப்பாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னாள். சந்தனமாரி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மேடம். வெக்கையில அவ வரமாட்டா."