இரண்டாவது ஏழு

சாருலதா என்ன தொழில் செய்கிறாள் என்று கேட்டால் செங்கல்பட்டில் அவள் தெருவில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ‘பனியன் விக்கிறாங்க’ என்பார் எதிர்வீட்டுக்காரர். ‘ஐ.டி. வேலய வுட்டுட்டு வூட்ல குந்திகினு துணி மடிச்சுகினு கீது’ என்பாள் பால் ஊற்றுகிறவள். அவள் கணவன் கோபாலகிருஷ்ணன் கல்பாக்கத்தில் விஞ்ஞானி. ஆபீஸில் யாராவது விசாரித்தால், ‘இலக்கியம் சம்பந்தமா ஏதோ’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். மூன்று பேர் சொன்னதும் உண்மைதான்.

கம்பெனிக்கு ‘வரிச்சட்டை’ என்று பெயர். கோடு போட்ட சட்டை என்று நினைத்து வந்து ஏமாந்து போனவர்கள் உண்டு. கோடெல்லாம் கிடையாது, ஒரே ஒரு வரி. பழைய பாட்டுகளில் வரும் ஐந்து நிலங்களுக்கும் ஆளுக்கொரு டீ-சர்ட்: மார்பில் ஒரு சின்னப் படம், அதற்குக் கீழே அவளே யோசித்து எழுதிய வரி. நெய்தல் சட்டை கறுப்பு. வெள்ளையில் ஒரு புன்னை மரம், அதன் அடியில் ‘அலை வந்துவிட்டது, நீ?’ நெய்தல் என்றால் கரையில் நின்றுகொண்டு வராதவனை நினைத்து வருந்துவது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அவள் மண்டையில் அப்படியே தங்கிவிட்டது. கடல் ஓரத்தில் அந்தச் சட்டைதான் அதிகம் போனது.

அச்சு வேலை பெஞ்சமினுடையது. பஜாரில் அவர் கடையில் ஒரே நாளில் மூன்று கட்சிக்குக் கொடி அடிப்பார்கள். முதல் கட்சிக் கொடியின் மை காய்வதற்குள் மற்ற இரண்டும் கூட்டணி சேர்ந்து, இரண்டு கொடியையும் ஒன்றாகத் தைத்து வாங்கிக்கொண்டு போன கதை அந்தக் கடையில் உண்டு. அப்பேர்ப்பட்டவரும் சாருலதாவின் சட்டைக்கு மட்டும் கைகழுவிவிட்டுத்தான் உட்காருவார்.

ஒரு படத்துக்கு நாற்பது சட்டைதான். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. நாற்பது முடிந்ததும் அச்சடிக்கும் ஸ்கிரீனைக் கழுவிவிடச் சொல்வாள். ஒவ்வொன்றின் கழுத்துக்குள்ளும், அவள் போன் நம்பர் அச்சிட்ட துணித்துண்டில், சிவப்பு நூலால் ஒன்று முதல் நாற்பது வரை எண் தைத்திருக்கும். தைக்கிறவள் ராஜம். எந்த எண் யாரிடம் போனது என்பதைச் சாருலதா நோட்டில் எழுதிவைப்பாள்.

வம்பு செய்தது எட்டு. முதல் வருஷம் எட்டாம் எண் சட்டைகள் ஐந்தும் போன வேகத்தில் திரும்பி வந்தன. ‘பையன் பரீட்சை எழுதப் போறான், வேற நம்பர் அனுப்புங்க’ என்று ஒருவர். ‘சட்டை நல்லா இருக்கு, நம்பர்தான் சரியில்லை’ என்று வங்கி மேலாளர் ஒருவர் இரண்டு பக்கத்துக்குக் கடிதமே எழுதியிருந்தார். ராஜம் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

“சனியோட நம்பரும்மா அது. நான் தச்சா மொதல்ல என் வூட்டுக்குத்தான் வந்து குந்தும். அதுக்குப் பதிலு இன்னொரு ஏழு தச்சுட்டுப் போறேன். கழுத்துக்குள்ள எவன் எண்ணிப் பாக்கப் போறான்?”

சாருலதாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் எட்டாம் நம்பர் வீட்டுக்கு ‘7ஏ’ என்று பலகை மாட்டியிருக்கும் தெருவில்தான் அவளும் குடியிருந்தாள். சிரித்துவிட்டு, சரி என்றாள். அன்றிலிருந்து நோட்டில் எட்டு என்று எழுதியிருக்கும். சட்டையில் ஏழு என்று தைத்திருக்கும். கொஞ்ச நாளில் அவளுக்கே அது மறந்துபோயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது.

“வரிச்சட்டைங்களா? ஸ்டேஷன்லேருந்து ஏட்டு ஜெகதீசன் பேசறேன். மகாபலிபுரத்துக்குத் தெக்கால ஒரு பாடி ஒதுங்கிக்கீது மேடம். மூஞ்சி இல்ல, மீனு கொத்திடுச்சு. கறுப்பு டீ-சர்ட்டு, மரம் போட்டது. உள்ளாற உங்க போன் நம்பரு, செவப்பு நூல்ல ஏழு. யாருதுன்னு சொல்ல முடியுமா?”

நோட்டைப் புரட்டினாள். நெய்தல், ஏழு: அத்வைத், மதுராந்தகம். வாசித்துச் சொன்னாள். பேரை உடனே எடுத்துக் கொடுத்ததும், இத்தனை வருஷம் விடாமல் நோட்டு எழுதியதற்காக ஒரு நொடி பெருமைப்பட்டாள். அந்த ஒரு நொடிக்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

அத்வைதுக்கு இருபத்தொரு வயது. அரியர் விஷயமாக அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுப் போனவன். போன் அன்று மாலையே அணைந்துவிட்டது. அப்பா பரணிதரன் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமையே புகார் எழுதிக் கொடுத்திருந்தார். எல்லாம் பொருந்திவிட்டது. பிணவறையில் மகனின் உயரத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், அதற்கு மேலே பார்க்கவில்லை. ‘அவன்தான்’ என்று கையெழுத்துப் போட்டார். மரபணுப் பரிசோதனைக்கு அவரிடம் எடுத்த ரத்தத்தின் முடிவு வர வாரக்கணக்காகும். அதுவரை அந்த உடம்பு தாங்காது என்று கொடுத்துவிட்டார்கள். அம்மா ஹரிப்ரியாவை யாரும் அருகே விடவில்லை. ‘என் பிள்ளை இல்லை அது. பார்க்காமல் நான் எப்படி அழுவேன்?’ என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராஜம் புதிதாகத் தைத்த முல்லைச் சட்டைகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். சாருலதா கழுத்தைத் திருப்பித் திருப்பி எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு, ஏழு, ஒன்பது.

கை நின்றுவிட்டது.

“இன்னாம்மா, தப்பா தச்சுட்டனா?”

“இல்ல ராஜம். நீ சரியாத்தான் தச்சிருக்கே.”

நோட்டை எடுத்தாள். நெய்தல், எட்டு: கலைவாணன், லட்சுமணன் மகன், ஏரிக்கரைத் தெரு, படாளம். ஆளும் நினைவுக்கு வந்தான். மார்கழியில் மகாபலிபுரத்தில் கடை போட்டபோது வாங்கினவன். கடலோர விடுதி ஒன்றில் வேலை, நல்ல உயரம். நம்பருக்கு அடித்தாள். உபயோகத்தில் இல்லை என்றது. மறுபடி அடித்தாள். அதேதான்.

ஜெகதீசனைக் கூப்பிட்டு, ஏழு இரண்டு உண்டு என்றாள்.

“நேத்தே சொல்றதுக்கு இன்னா மேடம்? பாடி கெளம்பிடுச்சு. மதுராந்தகத்துல பத்து மணிக்கு எடுக்கறாங்க. அவங்க அப்பா போன எடுக்கல. நீங்க கிட்டக்க கீறீங்க, மொதல்ல போயி நிறுத்துங்க. நான் வந்துகினே இருக்கேன்.”

ஸ்கூட்டரை எடுத்தாள். பாலாற்றுப் பாலம் தாண்டியபோது கோபாலகிருஷ்ணன் கூப்பிட்டான். ஓரமாக நிறுத்திச் சொன்னாள்.

“படாளம் வழியிலதானே இருக்கு? முதல்ல அங்க போ. அந்தப் பையன் இருக்கானா இல்லையான்னு பாரு. தெரியாம அந்த அம்மாகிட்ட வாயைத் திறக்காதே, சாரு.”

“அதுக்குள்ள எரிச்சுட்டாங்கன்னா? வேற யாரோ பெத்த பிள்ளையை இவங்க எரிச்சுட்டா?”

போனை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

படாளம் திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கினாள். மணி ஒன்பது நாற்பது. உள்ளே போய்த் தெருவைக் கண்டுபிடித்து, விசாரித்து, திரும்பி வர அரைமணி ஆகும். மதுராந்தகத்துக்கு இன்னும் கால்மணி. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து வழி கேட்டது. அவள் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே நேராகப் போனாள்.

அத்வைத் வீட்டுத் தெருமுனையில் சவ ஊர்தி நின்றிருந்தது. உடம்பை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. கொண்டுபோகிற நிலையில் அது இல்லை. பந்தலில் பத்து நாற்காலி. பரணிதரன் தலையை மழித்துக்கொண்டு ஈர வேட்டியோடு நின்றிருந்தார். சாருலதா தான் யார் என்று சொன்னாள். சட்டையைப் பற்றிச் சொன்னாள். எட்டைப் பற்றியும் சொன்னாள்.

“ரெண்டு ஏழா?” என்றார் அவர். “ஏம்மா, உங்களுக்கு எட்டு எழுதத் தெரியாதா?”

“யாரும் எட்டு வாங்கறதில்லை சார்.”

“நான் முப்பது வருஷமா கணக்குப் பாடம் நடத்துறேன்.” அவர் குரல் உயரவே இல்லை. “ஒருத்தன்கூட ஏழுக்கு அப்புறம் ஏழுன்னு எழுதினதில்லை.”

அதற்குள் உள்ளே கேட்டுவிட்டது. ஹரிப்ரியா வாசலுக்கு வந்தாள். நான்கு நாள் அழுகை ஊறிய முகம். சாருலதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ இது அவன் இல்லையா?”

“தெரியலம்மா. இன்னொருத்தர் இருக்கார். அவரோட போனும் வேலை செய்யல. இப்போ அங்கதான் போறேன்.”

தெரியவில்லை என்று சொன்னதை ஹரிப்ரியா காதில் வாங்கவே இல்லை. “நான் சொன்னேனே! சொன்னேனா இல்லையா?” என்று பந்தலில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டாள். கணவனைப் பார்த்து, “மொட்டை அடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, தலையில துண்டைக் கட்டுங்க” என்றாள். சிரித்தாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நெற்றியில் அவசரமாக வைத்த பொட்டு கோணலாக இருந்தது. ஊதுவத்தியை யாரோ அணைத்தார்கள். நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர், எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல, மாலையை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

“நீ நல்லா இருக்கணும்” என்று சாருலதாவின் கன்னத்தைத் தடவினாள் ஹரிப்ரியா. பிறகு சட்டென்று நின்றாள். “அந்தப் பையனுக்கு அம்மா இருக்காங்களா?”

கேட்டாளே தவிர பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தெருமுனையில் நின்ற வண்டியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெகதீசன் பைக்கில் வந்து சேர்ந்தார். “ஒரு அரைமணி, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க” என்று ஊர்திக்காரனிடம் சொன்னார். இருவரும் படாளத்துக்குத் திரும்பினார்கள். போகிற வழியெல்லாம் சாருலதா, படாளத்தில் யாரும் இருக்கக் கூடாது, வீடு பூட்டியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனாள். பூட்டியிருந்தால் ஹரிப்ரியாவுக்கு நம்பிக்கையோடு இன்னும் ஒரு நாள் கிடைக்கும். முன்பின் தெரியாத ஒருவனின் சாவை இப்படி வேண்டிக்கொண்டு போகிறோமே என்று பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. உறைத்த பிறகும் வேண்டுவதை நிறுத்த முடியவில்லை.

வீடு பூட்டியிருக்கவில்லை. பின்பக்கக் களத்தில் நெல்லைக் காலால் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்த ஆள், போலீஸைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்தபடி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சாருலதா பார்த்துவிட்டாள். கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகிப்போன டீ-சர்ட். மார்பில் புன்னை மரம்.

“லட்சுமணன்?” என்றார் ஜெகதீசன்.

“நான்தாங்க. இன்னா விசயம்?”

“உங்க பையன் கலைவாணன்...”

“அவன் துபாய் போயி ரெண்டு மாசமாச்சே. அங்க ஓட்டல்ல வேல. நேத்து ரவைக்குக்கூட பேசினானே?” அவர் முகம் மாறியது. “ஏன் சார், இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. சட்டையத்தான் பாக்க வந்தோம்.”

“இதுவா? அங்க யூனிபாரம் குடுத்துட்டாங்களாம், இது எதுக்குன்னு வுட்டுட்டுப் பூட்டான். வேஸ்டாப் போவுதேன்னு நான் போட்டுகினு கீறேன். நல்லா ஒழைக்குது.” ஜெகதீசன் அவர் பின்னால் போய்க் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். லட்சுமணன் கூச்சத்தோடு சிரித்தார். “இன்னா சார், திருட்டுச் சட்டையா?”

சிவப்பு நூலில் ஏழு. இரண்டாவது ஏழு.

மூன்று வார்த்தையில் ஜெகதீசன் விவரம் சொன்னார். லட்சுமணன் காலில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிடக்கூட மறந்து, “இருங்க சார், எதுக்கும் பையனுக்கு ஒரு போனு போட்டுக்கறேன்” என்று வீட்டுக்குள் ஓடினார். உள்ளே அவர் உரக்கப் பேசுவது கேட்டது: “இன்னாடா பண்ற? சாப்ட்டியா? சும்மாதான்டா கேட்டேன்.”

“நான் போய்ச் சொல்லிடவா மேடம்?” என்றார் ஜெகதீசன். “எங்களுக்கு இது பழக்கந்தான்.”

“வேணாம் சார். நான்தானே சொன்னேன்.”

மதுராந்தகத்துக்குத் திரும்பியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஹரிப்ரியா பந்தலுக்கு வெளியே, வெயிலில், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். ஸ்கூட்டர் நிற்பதற்குள் கிட்டே வந்துவிட்டாள்.

“பாவம், அந்த அம்மாகிட்ட எப்படிச் சொன்னீங்க?”

சாருலதா வண்டியை விட்டு இறங்கினாள். வழியெல்லாம் யோசித்து அடுக்கி வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை.

“அந்தச் சட்டையை அந்தப் பையனோட அப்பா போட்டிருக்கார்” என்றாள். “பையன் துபாயில இருக்கான்மா. நல்லா இருக்கான்.”

ஹரிப்ரியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரணிதரன் எழுந்து வந்து மனைவியின் பின்னால் நின்றார், தொடவில்லை. தெருமுனையில் ஊர்திக்காரன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

“வண்டியை வரச் சொல்லுங்க” என்றாள் ஹரிப்ரியா. கணவனிடம் சொன்னாளா, தெருவிடம் சொன்னாளா, தெரியவில்லை. “இப்பவாவது என்னைப் பார்க்க விடுங்க.”

ஜெகதீசன் சாருலதாவைப் பார்த்து, போகலாம் என்று தலையை அசைத்தார். அவள் சாவியைக் கையில் எடுத்தாள்.

“நீ எங்கே போறே?” என்றாள் ஹரிப்ரியா. அதில் கோபம்கூட இல்லை. “இங்கேயே நில்லு. எல்லாம் முடியுற வரைக்கும் நில்லு.”

சாருலதா நின்றாள்.