மேடையிலிருந்து தெரிந்த சிவப்பு

என் அண்ணி மோர்வெனைப் பற்றி எங்கள் ஸ்காட்லாந்து ஊர் உல்லாபூலில் யாரிடம் பேச்செடுத்தாலும், "அக்கார்டியன் வாசிக்கிறவளா?" என்றுதான் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். இரண்டு பிள்ளைகளை வளர்த்து மகளை அபர்தீனுக்கும் மகனை நார்வே எண்ணெய்க் கிணற்றுக்கும் அனுப்பினாள். என் அண்ணன் லாக்லனோடு முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டினாள். அதெல்லாம் யார் நினைவில் இருக்கிறது? கல்யாணமா, வருஷப் பிறப்பா, படகுப் போட்டியா, ஊர்க்கூடத்து மேடையின் இடது ஓர நாற்காலியில் அவள் வந்து உட்கார்ந்தால்தான் ஆட்டமே தொடங்கும்.

லாக்லன் வாசிக்கிற ஜாதி இல்லை, ஆடுகிற ஜாதி. பனிக்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் லாரி ஓட்டினான். வாரம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கோடு திரிவான், சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் ஆண்களின் மடிப்புப் பாவாடையான கில்ட்டைக் கட்டிவிட்டால் துரைதான். கல்யாணத்துக்குத் தைத்தது அது. எட்டு கஜம் கனத்த கம்பளி, மெக்கென்சி குலத்துக் கட்டம். தொப்புள் வரை ஏற்றிக் கட்டினால் முழங்காலில் வந்து கச்சிதமாக நிற்கும். பின்பக்கத்து மடிப்புகளைப் பட்டாளத்து முறையில் தைத்திருந்தார்கள். சும்மா நின்றால் கரும்பச்சையும் மடிப்புக்கு மடிப்பு ஒரு வெள்ளைக் கோடும்தான் கண்ணில் படும். சிவப்புக் கோடெல்லாம் மடிப்புக்கு உள்ளே போய்விடும். அவன் சுழலும்போது மடிப்புகள் விரியும், சிவப்பு பளிச்சென்று தெரிந்து மறையும்.

கூட ஆடுகிறவளுக்கு அது தெரியாது. முகத்தைப் பார்த்து ஆடுகிறவள் முதுகை எங்கே பார்ப்பாள்? மேடையில் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் அந்த அழகெல்லாம். மோர்வென் அப்படித்தான் அவனைப் பார்த்தாள், வருஷக்கணக்காக. அவன் என்னோடு ஆடுவான், தபால்காரர் பெண்டாட்டியோடு ஆடுவான், கப்பலில் வந்திறங்கிய வெள்ளை ஷூக்காரிகளோடு ஆடுவான். இவள் வாசித்துக்கொண்டே பார்ப்பாள்.

மூன்று பனிக்காலத்துக்கு முன்னால் சாலையோரத்தில் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அவன் இதயம் நின்றுவிட்டது. அவ்வளவுதான். அழுத அழுகையை எல்லாம் சொல்லப்போவதில்லை. மோர்வென் ஒரு ஆட்டத்துக்கும் வராமல் இருக்கவில்லை, விரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஆனால் கண் மட்டும் ஆடுகிறவர்களின் இடுப்புக்குக் கீழே தேடிக்கொண்டே இருக்கும். என்ன தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் ருவாரி வந்து சேர்ந்தான். டண்டீக்காரன், கூரை வேய்கிறவன், மனைவி விட்டுப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. அவன் கட்டுவதும் கில்ட்தானாம். கித்தான் மாதிரி கருப்புப் பருத்தி, இடுப்பெலும்பில் தொங்கும், இரண்டு பக்கமும் மூட்டை போலப் பை, சுத்தியல் மாட்ட ஒரு வளையம். அதைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினால் ஆர்கைல் தெரு முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு போகும். குனியாமல் போனவர்களும் உண்டு, பேர் சொல்ல மாட்டேன். மதுக்கடையில் பெரியவர்கள் அது கில்ட்டே இல்லை, கொத்தனார் பை என்றார்கள். அவனும் சளைக்கவில்லை. உங்கள் கம்பளி மழையில் நனைந்தால் ஒரு ஆட்டையே சுமக்க வேண்டும், என்னுடையதை மெஷினில் போட்டுக் காலையில் உடுத்திக்கொள்வேன் என்றான். யார் சொல்வது சரி என்று கேட்டால், நான் லாக்லனின் தங்கை, என்னிடம் நியாயம் எதிர்பார்க்காதீர்கள்.

மோர்வென் வீட்டுக் கூரை ஒழுகியது. வந்து அடைத்தான். ஒழுகல் நின்ற பிறகும் வந்துகொண்டிருந்தான். அவள் சூப் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். கோடைத் தொடக்கத்து ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மேடையை விட்டு இறங்கி என்னோடு ஒரு ஆட்டம் ஆடுவீர்களா என்று அவளிடம் கேட்டிருக்கிறான். ஆட்டத்தை மட்டும் கேட்கவில்லை, மிச்ச காலத்துக்கும் சேர்த்துத்தான் கேட்டான். அது அவளுக்கும் புரிந்தது. முதலில் லாக்லனுடைய கில்ட்டைக் கட்டிக்கொண்டு என் நாத்தனார் ஷோனாவோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்கள், நான் வாசிக்கிறேன், பிறகு பதில் சொல்கிறேன் என்றாளாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு, என் பேக்கரிக் கடையை அப்படியே விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"என்ன அண்ணி இது? செத்தவன் துணிய இன்னொருத்தனுக்குக் கட்டிவிட்டு வேடிக்கை பாக்கணுமா உனக்கு?"

அவள் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. "அவன் முகம் போட்டோவுல இருக்கு ஷோனா. அந்தச் சிவப்பு எந்தப் போட்டோவுலயும் இல்ல. ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன். பாக்காம இந்த மனுஷனுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

நான் கடைக்குத் திரும்பிப் போனேன்.

ஆட்டத்தன்று மதியம் ருவாரி கட்டிப் பார்க்க என் வீட்டுக்கு வந்தான். வழக்கம்போல இடுப்பெலும்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். கில்ட் கெண்டைக்காலைத் தொட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அட மண்டு, மேலே ஏற்று என்று நானே இழுத்துக் கட்டி, வார்களைக் கடைசித் துளையில் மாட்டினேன். மூச்சு விட முடியவில்லை, போனை எங்கே வைப்பது என்று புலம்பினான். அப்படிக் கட்டினால்தான் நிமிர்ந்து நிற்பாய் என்றேன். நிஜமாகவே நிமிர்ந்து நின்றான். கண்ணாடி பார்க்கத் திரும்பினான். என் அண்ணன் முதுகு. நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும், ரொம்ப நேரம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கூடம் நிறைந்திருந்தது. ஜோடி ஜோடியாக வட்டத்தில் சுற்றி வருகிற ஆட்டத்தோடு தொடங்கினார்கள், நானும் ருவாரியும் இறங்கினோம். மோர்வெனின் முகம் முதல் சுற்றிலேயே மாறிவிட்டது. அழவில்லை. பசியோடு இருக்கிறவள் சோற்றைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். மேடைக்கு நேரே வரும்போதெல்லாம் ருவாரி அவளுக்கு முதுகைக் காட்டி ஒரு சுழல் கூடுதலாகச் சுழன்றான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில்தான் அவன் மேல் இருந்த என் கோபம் போனது.

ஆட்டத்தை எப்போது முடிப்பது என்பது எங்கள் ஊரில் வாசிக்கிறவர்கள் கையில். மோர்வென் ஃபிடில்காரரைப் பார்த்துத் தலையசைப்பாள், இருவரும் சேர்ந்து முடிப்பார்கள். அன்றைக்கு அவள் தலையசைக்கவில்லை. பாட்டு முடிகிற இடத்துக்கு வந்தது, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. மறுபடியும் வந்தது, மறுபடியும் தொடங்கியது. ஃபிடில்காரர் அவளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார். ஜோடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று சுவரோரம் போய்ச் சாய்ந்தன. நிறுத்தினால் லாக்லன் போய்விடுவான், அதனால் நிறுத்த முடியவில்லை அவளுக்கு. எங்களைத் தவிரத் தரையில் ஆளில்லை. ருவாரியின் முகம் கன்றிப்போயிருந்தது, வியர்வை தாடியில் சொட்டியது.

"உயிர் போகுது. போதும்னு சொல்லு அவகிட்ட," என்றேன்.

"அவங்க பாத்து முடிக்கட்டும் ஷோனா," என்றான். "உன்னால முடியலன்னா போய் உக்காரு. நான் தனியா ஆடுறேன்."

போக எனக்கு மனசு வரவில்லை. நானும் என் அண்ணனோடு இன்னொரு தடவை ஆடிக்கொள்ள ஆசைப்பட்டேன், அதுதான் உண்மை.

நடுப்பாட்டில் அக்கார்டியன் நின்றது. ஃபிடில் மட்டும் கொஞ்ச தூரம் ஓடி அதுவும் நின்றது. மோர்வென் வாரைக் கழற்றி, பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி வந்தாள். அவள் கில்ட்டைத் தொடவில்லை. மூச்சிரைக்க நின்றவனின் முகத்தையே பார்த்தாள்.

"இது லாக்கியோடது. போய் உங்க துணியக் கட்டிட்டு வாங்க ருவாரி. உங்ககூட ஆடுறதுன்னா உங்ககூடத்தான் ஆடணும்."

அவன் ஓட்டமும் நடையுமாகத் தன் துணியை வைத்திருந்த கூடத்துச் சமையலறைக்குப் போனான். கருப்புக் கில்ட்டோடு வந்தான், பக்கத்துப் பை ஒன்றில் டேப் அளவுகோல் துருத்திக்கொண்டிருந்தது. ஃபிடில்காரர் தனியாக மெதுவான ஒரு வால்ட்ஸ் மெட்டு எடுத்தார். ருவாரி கையை நீட்டினான், அவள் பிடித்தாள்.

அவளுக்கு ஆடத் தெரியவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு ஊரையே ஆட்டிவைத்தவள், அவன் காலை மிதித்தாள், பக்கம் மாறித் திரும்பினாள், தாளம் விரலுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. எல்லாரும் பார்க்காத மாதிரி டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இருந்த பக்கம் வந்தபோது அவள் நின்றுவிட்டாள். அவன் சட்டையில் நெற்றியை வைத்தாள்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் லாக்கி மேடைக்குக் கீழ வந்து நின்னு கைய நீட்டுவான்," என்றாள். "அடுத்த பாட்டுக்கு வரேன், அடுத்த பாட்டுக்கு வரேன்னு சொல்லிச் சொல்லியே அவன அனுப்பிட்டேன்."

அவள் அழுது முடிக்கும்வரை ருவாரி அப்படியே நின்றான். பிறகு, வலது காலை முதலில் பின்னால் வையுங்கள் என்றான்.