ஆறு காலில் தவழ்ந்து எட்டுக் காலில் நிற்பது

பூச்சிமருந்துக் கடையில் நிற்பவளுக்கு மருந்துப் பேரைவிட முக்கியம், வாய். எனக்கு அதுதான் கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றவள். எதிரே ஆள் வந்தால் தலை தன்னால குனிஞ்சிரும். கோவில்பட்டியில் என்னைக் கடையில் சேர்த்த முதலாளி அண்ணாச்சி, "ஒரு மாசம் பாப்பேன். வாயைத் தொறக்கலைன்னா வேற ஆள்தான்" என்று சொல்லிவிட்டார். என்னைப் போலக் கூச்சத்தைச் சுமந்துக்கிட்டு வேலைக்குப் போறவங்களே, மீதி உங்களுக்கே தெரியும்.

பேன்

முதல் வாரம், கழுகுமலைக்காரர் ஒருத்தர் சிவந்துபோன பருத்தி இலையோடு வந்தார். அடியில் ஒட்டடை மாதிரி நூல். வெள்ளைத்தாளில் தட்டினேன், மணல்மணிபோல சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தன. "சிலந்திப்பேன்" என்றேன். என் குரலில் அவருக்குக் கடைசி எழுத்துகள்தான் கேட்டிருக்கு. தலையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "போன வாரந்தாம்மா மொட்டை போட்டேன், இதுல எங்கன இருக்கு பேனு?"

கால்

கடம்பூர் அக்கா ஒருத்தி, அதே பேன் விழுந்த இலையைக் கொண்டுவந்து கடை லென்சை வாங்கிப் பார்த்தாள். "சிலதுக்கு ஆறு காலு, சிலதுக்கு எட்டு. ரெண்டு பூச்சி இருக்கு. ரெண்டு மருந்தா குடு" என்றாள்.

ஒரே பூச்சிதான், முட்டையை விட்டு வரும் குஞ்சுக்கு ஆறு கால், தோலை உரிச்சதும் எட்டு என்று எப்படியோ சொல்லி முடித்தேன். ஒரு மருந்து விற்காமப் போச்சே என்று அண்ணாச்சி முறைத்தார். தன் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்து அக்கா சொன்னாள்: "நம்ம பிள்ளைக நாலு கால்ல தவழ்ந்து ரெண்டு கால்ல நிக்கும். இது ஆறுல தவழ்ந்து எட்டுல நிக்குமாக்கும், கூறுகெட்ட சென்மம்!"

எட்டாம் நாள்

மாசக் கடைசி. இதே பேனுக்கு என்னிடம் மருந்து வாங்கிப் போன பசுவந்தனைக்காரர் ஒருத்தர் படியேறும்போதே கத்தினார். "மருந்தடிச்சு எட்டு நாள்ல திரும்ப வந்துட்டு! தண்ணியவா அடைச்சுக் குடுத்தீய?" கடையில் நின்ற ஆளெல்லாம் திரும்பிப் பார்க்க, அண்ணாச்சிக்கே வாய் வரவில்லை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"செத்தது தாய்தான். முட்டை சாகாது. இந்த வெயிலுக்கு ஒரு வாரத்துல முட்டை பொரிஞ்சு, வளந்து, அதுவும் முட்டை போட்டுரும். அதுக்கு முந்தி இன்னொருக்க அடிக்கணும்னு அன்னைக்கே சொன்னேனே!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "இம்புட்டு சத்தத்தை வச்சுக்கிட்டா அன்னைக்கு முணுமுணுத்த?"

அண்ணாச்சி வேற ஆள் தேடவில்லை. ஒரே வாரத்தில் முட்டை தாயாகிவிடுகிற அந்தப் பூச்சிக்கு முன்னால், கடைக்காரி ஆகுறதுக்கு எனக்கு ஒரு மாசம் ஆச்சே என்பதுதான் கொஞ்சம் வெட்கம்.