முருங்கைக்காய்க்கு ஒரு பாக்கெட்

போன செவ்வாய்க்கிழமை, மயிலாப்பூரில் ஒரு கடையின் ஷோகேஸுக்குள் தவழ்ந்துகொண்டிருந்தேன். இந்த வயதில்... இந்தத் தொப்பையோடு!

கைப்பைக் கடை. நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். ஈக்காட்டுத்தாங்கலில் பெண்கள் தைக்கும் பைகளை இங்கே விற்று, வருவதை அவர்களுக்கே கொடுக்கிறார்கள். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் மனைவி பத்மா, அங்கே சம்பளமில்லாத டிசைனர். நான்? ஷோகேஸ் அலங்காரம் என் பொறுப்பு என்று நானே அறிவித்துக்கொண்டவன்.

பத்மா ஒரு புதுப் பை வடிவமைத்திருந்தாள். பக்கவாட்டில் குழாய் மாதிரி நீளமாய் ஒரு பாக்கெட். ஆபீஸ் விட்டு வரும் பெண்கள் வழியில் காய் வாங்குவார்கள். எல்லாம் உள்ளே போகும், முருங்கைக்காய் மட்டும் அடங்காது. ஜிப் பாதியில் நிற்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரின் கண்ணைக் குத்தும். அதற்குத்தான் இந்தப் பாக்கெட்.

ஒன்றுகூட விற்கவில்லை. மாதக் கடைசி வரை பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று கடைப் பொறுப்பாளர் லில்லி சொல்லிவிட்டார். பத்மா வீட்டில் டிசைன் நோட்டை மூடிப் பரணில் போட்டுவிட்டாள். எனக்கு அதுதான் பயம்.

ஆகவே களத்தில் இறங்கினேன். வெல்வெட் துணி, மஞ்சள் விளக்கு, அந்தப் பாக்கெட்டில் நீளக் காம்போடு ஒரு பிளாஸ்டிக் ரோஜா. பாரிஸ் பேஷன் கடைகளிலிருந்து கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று நினைத்தேன். நின்று பார்த்த ஒரே ஒரு மாமா, புல்லாங்குழல் வைப்பதற்கா என்று விசாரித்துவிட்டு நகர்ந்தார்.

அப்போது பத்மா வந்தாள், மார்க்கெட்டிலிருந்து நேராக. தோளில் அதே மாடல் பை. பாக்கெட்டில் ஒரு கட்டு முருங்கைக்காய், நெட்டுக்குத்தாக. ஷோகேஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏங்க, இது பை கடையா, ரிசப்ஷன் மேடையா?”

அதற்குள் பிளாட்பாரத்தில் போன இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். என் வெல்வெட்டை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்வையெல்லாம் பத்மாவின் தோளில்.

“ஆன்ட்டி, இந்த பேக் எங்க வாங்கினீங்க? ஜிப் மூடுதா?”

பத்மா ஒரே இழுப்பில் மூடிக் காட்டினாள். ஒரு பெண் உள்ளே வந்து, தன் பழைய பையை மேஜைமேல் கொட்டினாள் — டிபன் பாக்ஸ், குடை, தண்ணீர் பாட்டில். அத்தனையையும் புதுப் பை விழுங்கியது. இருவரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

ரோஜாவை எடுத்துவிட்டு, முருங்கைக்காயை வைத்தேன். என் கலை வாழ்க்கையில் உருப்படியான ஒரே காரியம். காலிப் பை அழகாகத்தான் இருக்கும்... ஆனால் நம் ஊரில் எந்தப் பெண் காலிப் பையோடு வீட்டுக்குப் போகிறாள்?

சனிக்கிழமைக்குள் இருப்பு தீர்ந்தது. லில்லி தையல் கூடத்துக்கு போன் செய்து, இனி இதையே தையுங்கள் என்றார். பத்மா தேவையே இல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது ஷோகேஸுக்குத் தினமும் புதுக் காய் வாங்குவது என் வேலை. நேற்று காய்க்காரம்மா கேட்டார்: “இன்னா சார், தெனமும் முருங்கக்கா? நீதான் அந்தப் பை அம்மாவோட வூட்டுக்காரரா?”

இத்தனை வருடமாகப் பத்திரிகைகளில் கதை எழுதுகிறேன். தெருவில் ஒருவர் என்னை அடையாளம் கண்டது இதுதான் முதல் தடவை.

ஆமாம் என்றேன்... பக்கத்துக் கடைக்கும் கேட்கிற மாதிரி!